கேட் போட்ட வருஷம்

எங்கள் அம்மாவுக்கு இங்கிலீஷ் வருஷக் கணக்கு வராது. பெரிய புயல் வருஷம் என்றால் 1952. கேட் போட்ட வருஷம் என்றால் 1954. நான் பிறந்தது புயலுக்கு முந்தின ஐப்பசி. பள்ளியில் சேர்க்கும்போது மாமா அதை வைத்துத்தான் தேதி எழுதிக் கொடுத்தார்.

அந்த கேட் எதுவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்பா ஊர் இந்தத் திருநாவலூர். அப்போது தென்னாற்காடு ஜில்லா. பிறகு விழுப்புரம், இப்போது கள்ளக்குறிச்சி. ஊர் நகரவில்லை, ஜில்லாதான் மாறிக்கொண்டே இருக்கிறது. அம்மா பிறந்த வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. தாத்தாவுக்கு மில்லில் வேலை. நம் ஊரில் 1947-லேயே கொடி மாறிவிட்டது. அங்கே 1954 வரை பிரெஞ்சுக்காரன் கொடிதான் பறந்தது. ஆக என் அப்பா மாமியார் வீட்டுக்குப் போவதென்றால் வெளிநாட்டுக்குப் போவது.

அந்த எல்லையைக் கோடு என்று சொல்வதே தப்பு. கிழிந்த வேட்டி மாதிரி கிடந்தது. விழுப்புரத்திலிருந்து கிழக்கே ஒரே சாலையில் போனால் மதகடிப்பட்டு பிரெஞ்சு, கண்டமங்கலம் இந்தியா, வில்லியனூர் மறுபடி பிரெஞ்சு. வீடு ஒரு தேசத்தில், கழனி ஒரு தேசத்தில் என்று இருந்த குடும்பங்கள் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இது பெரிதாக உறுத்தவில்லை. 1941-ல் இரண்டு சர்க்காரும் சுங்க ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், சரக்கு போய்வந்தது. 1949-ல் இந்தியா அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் சுங்கச்சாவடி, முள்வேலி, சோதனை எல்லாம். வேலி வந்ததும் கள்ளக்கடத்தலும் கூடவே வந்தது. தங்கம், கைக்கடிகாரம், சாராயம் என்று என்னென்னவோ. புதுச்சேரியில் திடீர்ப் பணக்காரர்கள் முளைத்தது அந்த ஐந்து வருஷத்தில்தான் என்று மாமா சொல்வார். பெயரும் சொல்வார், நான் எழுத மாட்டேன்.

1954 மார்ச்சில் காற்று திரும்பியது. அதுவரை பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற எதுவார் குபேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று கிளம்பினார். மார்ச் 31-ம் தேதி நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. இன்னொரு பக்கம் வ. சுப்பையாவின் ஆட்கள். இந்திய சர்க்கார் சிப்பாயை அனுப்பவில்லை, சாலையை இறுக்கியது. சாமான் போவது நின்றது, ஆள் போக வர பெர்மிட் கட்டாயமானது. அதுதான் எங்கள் அம்மாவின் கேட்.

அந்த ஆனி மாதம் முத்தியால்பேட்டையில் ஆயா, அம்மாவைப் பெற்றவள், இறந்துபோனாள். சேதி இரண்டாம் நாள் வந்தது. அப்பா பெர்மிட்டுக்கு ஓடினார். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். ஒரு குமாஸ்தா, சாவுச் சேதிக்கு அத்தாட்சி கேட்டாராம். அத்தாட்சி வேலிக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது! ஒன்பதாம் நாள் சீட்டு கிடைத்தது. கருமாதிக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். நான் அம்மா இடுப்பில் இருந்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

பிறகு மாமா என்னைப் புதுச்சேரியிலேயே பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். கொடி போனபிறகும் பள்ளிக்கூடம் இருந்தது. எங்களுக்குச் சரித்திரம் என்றால் நெப்போலியன்தான். 1806-ல் இங்கிலாந்தோடு யாரும் வியாபாரம் செய்யக்கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். இங்கிலாந்து பதிலுக்கு உத்தரவு போட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது பிறந்து முப்பது வருஷம் ஆன அமெரிக்கா. இரண்டு பேரும் அதன் கப்பல்களைப் பிடித்தார்கள். இங்கிலாந்து மாலுமிகளையும் இழுத்துக்கொண்டு போனது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு 1807-ல் தன் துறைமுகங்களைத் தானே மூடியது. வயிறு காய்ந்தது அவர்களுடைய வியாபாரிகளுக்குத்தான். மேற்கு எல்லையில் பழங்குடி மக்களின் நிலத்துக்குள் குடியேறப் போய் அங்கே சண்டை. கனடாவிலிருந்து வெள்ளைக்காரன்தான் துப்பாக்கி கொடுக்கிறான் என்ற ஆத்திரம். கடைசியில் 1812 ஜூன் 18-ல் இங்கிலாந்தின் மேல் போர் அறிவித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் லண்டனில், அந்தக் கப்பல் உத்தரவை எடுத்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். சேதி கடல் தாண்டி வர வாரக்கணக்காகும் காலம். இதைச் சொல்லும்போது எங்கள் வாத்தியார் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நமக்கும் வேலி இருந்தது, வியாபாரச் சண்டை இருந்தது, தேசத்துக்கு வயது ஏழு. ஆனாலும் புதுச்சேரியில் போர் வரவில்லை. நம்முடைய பொறுமைதான் காரணம் என்று மேடையில் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. மே மாதம் வியட்நாமில் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஜூனில் மாந்தெஸ் பிரான்ஸ் பிரதமராக வந்தார். தூர தேசத்துச் சண்டைகளை முடித்துக்கொள்ள நினைத்த மனிதர். அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் கொடி இறங்கியது. காகிதத்தில் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று, அது வேறு கதை.

எதிரே இருந்தவன் பேச மறுத்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு கோவா இருக்கிறது. அங்கேயும் இதே கேட்தான். 1955 ஆகஸ்ட் 15-ல் சத்தியாக்கிரகிகளைப் போர்ச்சுகீசியர் சுட்டார்கள். அதன் பிறகு இந்தியா எல்லையை மூடியது. ஆறு வருஷம் மூடிப் பார்த்தும் கோவா பணியவில்லை. நல்ல துறைமுகம் இருந்தது, இரும்புத்தாது இருந்தது, கப்பலில் அரிசி வந்தது. புதுச்சேரிக்கு அந்த வசதி ஏது? இருந்த ஒரு கடல் பாலத்தையும் 1952 புயல் கொண்டுபோய்விட்டது. சலாசார் அசையவில்லை. 1961 நவம்பரில் அஞ்சதீவிலிருந்து நம் கப்பலைச் சுட்டார்கள், ஒரு மீனவர் செத்தார். டிசம்பர் 18-ல் நம் பட்டாளம் உள்ளே போனது, மறுநாள் முடிந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது உயிருக்கு மேல் போயிற்று.

ஆகவே கேட் போட்டதை நான் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். குண்டுக்கு அது மேல். முப்பத்து மூன்று வருஷம் நானும் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தவன். அத்தாட்சி கேட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பியவன். விதி என்று ஒன்று இருந்தால் அதை ஒருவன் எழுதித்தான் ஆக வேண்டும்.

ரிட்டயர் ஆகி இங்கே வந்தபிறகு ஒரு நாள் திண்ணையில் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கோவா கதை, செத்தவர் கணக்கு எல்லாம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்.

"சரிடா. கேட்டை எப்போ எடுத்தாங்க?"

"ஐப்பசியிலே."

"எங்கம்மா போனது ஆனி" என்றாள். விரல் விட்டு எண்ணினாள். "ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. நாலு மாசம்."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.