கல்லுக்குக் கழிவு

லண்டன்
திங்கள் இரவு

அன்புள்ள கல்யாணி,

நான் அனுப்பிய ஏழு படத்தையும் பார்த்துவிட்டு "மூணாவதை எடுத்துடு" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தாய். எடுக்கவில்லை. போன் படத்தில் நீலத்தைப் போலப் பொய் சொல்லும் நிறம் வேறு இல்லையடி. அந்த மூன்றாவது கல் நேரில் பேனா மை உறைந்த மாதிரி ஒரே கறுப்பு. நீ தள்ளிவிட்ட ஐந்தாவதுதான் ஜன்னலோரம் கொண்டுபோனதும் கண் விழித்துக்கொண்டது. இதையெல்லாம் பேசி அனுப்பினால் பாதியில் அணைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

நீ சொன்ன அடையாளம் எனக்கு மனப்பாடம். நடுவில் நீள்வட்டமாக நீலம், சுற்றிலும் வெள்ளைக்கல். தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கி வந்தது. அம்மா கையில் இருந்தது. அண்ணன் படிப்புக்காக அடகுக்குப் போய் மூழ்கியது. அதே மாதிரி வேண்டும், புதிதாகச் செய்தது வேண்டாம், பழசாக இருக்க வேண்டும் என்றாய். நீ கொடுத்த நூலைப் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறேன். இங்கே மோதிர அளவுக்கு எண் இல்லை, எழுத்து. கடைக்காரர் நூலைக் கூம்புக் குச்சியில் சுற்றிப் பார்த்து "எம்" என்றார். இன்னொருவர் அதே நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து "ஓ" என்றார்.

நம் ஊரில் பழைய மோதிரம் என்று ஒரு பொருளே கிடையாது, பழைய தங்கம்தான் உண்டு. முப்பது வருஷம் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவள் சொல்கிறேன். ஆசாரி உரைகல்லில் உரசுவார், தராசில் வைப்பார், "கல்லுக்குக் கழிவு இவ்வளவு" என்பார், நான் எழுதிக்கொள்வேன். எத்தனை நீலம், எத்தனை கெம்பு என் பேனாவில் கழிந்து போயிருக்கும்! அரக்குக்கும் அழுக்குக்கும் என்ன மரியாதையோ அதேதான் கல்லுக்கும்.

இங்கே கணக்கு தலைகீழ். தங்கத்தின் எடையை யாரும் சொல்வதே இல்லை. நிறைய மோதிரங்கள் ஒன்பது காரட். ஆயிரத்தில் 375 பங்குதான் தங்கம். உன் மாமியார் இருந்திருந்தால் பித்தளை என்று தொட்டிருக்கவே மாட்டார். நாம் பவுன் பவுன் என்று கணக்குப் பார்க்கிறோமே, அந்தப் பவுனே இந்த ஊர் ராணி தலை போட்ட சவரன் காசுதான், கிட்டத்தட்ட 8 கிராம், 22 காரட். காசை நமக்கு அனுப்பிவிட்டு இவர்கள் ஒன்பது காரட்டில் மோதிரம் போட்டுக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை ஹேட்டன் கார்டன் போனேன். தோட்டமெல்லாம் இல்லை. முதலாம் எலிசபெத் காலத்து கிறிஸ்டோபர் ஹேட்டன் என்ற பிரபுவின் பேர் தங்கிவிட்டது, அவ்வளவுதான். தெரு முழுக்க மோதிரக் கடை. 2015-ல் ஈஸ்டர் விடுமுறையில் இங்கே ஒரு பெட்டக அறையின் கான்கிரீட் சுவரைத் துளைபோட்டுக் கொள்ளையடித்தவர்கள் பலரும் நம் வயசு, அதற்கும் மேல். தலைவனுக்கு 76. ரிட்டயர் ஆனால் சும்மா இருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

அந்தத் தெருவில் போய் "நடுவில் நீலம், சுற்றி வைரம்" என்று ஆரம்பித்தாலே "டயானா மோதிரமா?" என்கிறார்கள். 1981-ல் நிச்சயத்துக்கு டயானா தேர்ந்தெடுத்தது. 12 காரட் இலங்கை நீலம், சுற்றிலும் 14 வைரம். 2010-ல் மகன் அதையே தான் கட்டப்போகும் கேட்டுக்குப் போட்டார். அதன் நகல் இல்லாத ஜன்னல் இல்லை. இல்லை ஐயா, இது அதற்கும் ஐம்பது வருஷம் முந்தியது, கும்பகோணத்தில் மூழ்கியது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

சொல்ல ஆள் கிடைத்தார். பழைய மோதிரங்கள் மட்டும் வைத்திருந்த குறுகலான கடை. மகளிடம் நான் தமிழில் முணுமுணுத்தது கல்லாவில் இருந்த பெரியவர் காதில் விழுந்துவிட்டது. "இந்தியாவில இருந்து வாறீங்களா? இருங்கோ, இருங்கோ" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பேருவளைக்காரர், சீனன்கோட்டை. வாப்பா காலத்திலிருந்து கல் வியாபாரம். அப்புறம் இரண்டு மணி நேரம். மகள் நடுவில் பக்கத்து லெதர் லேனில் சாப்பிட்டுவிட்டே வந்துவிட்டாள்.

முதலில் ஒரு மோதிரத்தைக் கையில் கொடுத்து, "மேலால பார்த்தது போதும். பக்கவாட்டில பாருங்கோ" என்றார். சாய்த்துப் பிடித்தேன். கல்யாணி, அந்தக் கல் தண்ணீர்! நிறமே இல்லை. அடிக்கூரில் மட்டும் ஒரு சொட்டு நீலம், டம்ளர் அடியில் சொட்டு நீலம் விட்ட மாதிரி. திருப்பி மேலிருந்து பார்த்தால் முழுக் கல்லும் நீலம். பட்டை தீட்டியவன் அந்த ஒரு சொட்டை அடியில் வரும்படி வெட்டியிருக்கிறான். எடை குறையக் கூடாதென்று வயிற்றையும் பெரிதாக விட்டிருக்கிறான். இது அவர் ஊர்ப் பழைய கை வேலையாம். நான் என் வாழ்நாளில் ஒரு கல்லையும் பக்கவாட்டில் பார்த்ததில்லை.

இரத்தினபுரிப் பக்கம் குழி வெட்டும்போது கல் இருக்கும் சரளை அடுக்கு ஒன்று வருமாம். அதற்குச் சிங்களத்தில் "இல்லம்" என்று பேர். "நமக்கு இல்லம் எண்டா வீடு. கல்லுக்கும் வீடுதான்" என்று சிரித்தார். நானும் விடவில்லை. மாணிக்கம், நீலம் இரண்டும் ஒரே கனிமம்தான், அதற்கு இங்கிலீஷ்காரர் சொல்லும் கொரண்டம் என்ற பேரே நம் குருந்தத்திலிருந்து போனது என்று சொன்னேன். சாணைக்கல்லில் போடும் அதே குருந்தம். இரும்பும் டைட்டானியமும் துளி கலந்தால் நீலம்.

அப்புறம்தான் பாடம். வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-ல், அலுமினா பொடியைச் சுடர் வழியாகத் தூவி உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் வழியை வெளியிட்டார். அடுத்த பத்து வருஷத்துக்குள் நீலமும் வந்தாயிற்று. கண்ணாடி இல்லை கல்யாணி, வேதியியல்படி அசல் குருந்தம்தான், மண்ணில் விளையவில்லை என்பதைத் தவிர. அதனால் மோதிரம் நூறு வருஷப் பழசு என்பதற்காகக் கல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது என்று அர்த்தமில்லை. கண்டுபிடிப்பது எப்படி? இயற்கைக் கல்லில் நிறக் கோடுகள் நேராக, கோணமாக மடங்கி ஓடும். சுடரில் வளர்ந்ததில் பழைய கிராமபோன் தட்டு மாதிரி வளைந்து ஓடும். பத்து மடங்கு லென்ஸ் போதும், பொறுமையும் வேண்டும். பாங்கில் வைத்திருந்த லென்ஸைப் பையிலிருந்து எடுத்தேன். பெரியவர் அதைப் பார்த்து, "நீங்க சும்மா ஆள் இல்ல" என்றார். முப்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு.

பழைய கல்லுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. பால் மாதிரி மங்கிய கல்லைப் பெரியவர் ஊரில் கெவுடா என்பார்கள், விலை போகாது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக அள்ளிக்கொண்டுபோய்ச் சூளையில் கடும் சூட்டில் வைத்து நல்ல நீலமாக மாற்றிவிட்டார்கள். "நாங்க வேணாம் எண்ட கல்ல அவங்க சமைச்சு வித்தாங்க" என்றார், இன்னும் ஆறாத குரலில். அதற்கு முந்தைய மோதிரத்தில் கல் மாற்றப்படாமல் இருந்தால், அந்தச் சூளையைப் பார்க்காத கல் கிடைக்கலாம். கிடைக்கலாம் என்றுதான் சொல்கிறேன். உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடச் சான்று வேண்டும்.

கல் ஏமாற்றினாலும் வளையம் பேசும். மோதிரத்தின் உள்பக்கத்தைப் படிக்க வேண்டும். சிறுத்தைத் தலை என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்காம், மூன்று கோதுமைக் கட்டும் வாளும் என்றால் செஸ்டர். செஸ்டர் அலுவலகத்தை 1962-லேயே மூடிவிட்டார்கள். கூடவே வருஷத்துக்கு ஓர் எழுத்து. 1478-லிருந்து தட்டான்கள் நகையைத் தங்கள் சங்க ஹாலுக்குக் கொண்டுவந்து முத்திரை வாங்கினார்கள். ஹால்மார்க் என்ற சொல்லே அந்த ஹாலில் பிறந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்துப் போனது 15 என்ற எண். பதினைந்து காரட் தங்கத்தை 1854-ல் அனுமதித்து 1932-ல் நிறுத்திவிட்டார்கள். 15 என்று குத்தியிருந்தால் வயசைக் கேட்கவே வேண்டாம். ஆனால் எல்லா மோதிரத்திலும் முத்திரை இருக்காது. அளவு மாற்ற வெட்டி ஒட்டியதில் எத்தனையோ போயிருக்கும்.

சனிக்கிழமை போர்ட்டோபெல்லோ சந்தை, எனக்குப் பரீட்சை. நாட்டிங் ஹில் கேட் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டமே கொண்டுபோய் விடுகிறது, மாசிமகத்துக்கு மகாமகக் குளத்தைத் தேட வேண்டியதில்லை அல்லவா, அப்படி. தெருவில் பாதிப்பேர் போட்டோ எடுக்க வந்தவர்கள். மோதிரங்கள் உள்ளே, சந்து மாதிரியான கட்டடங்களில், கண்ணாடிப் பெட்டிகளில். ஓர் அம்மாள் பிளாஸ்க்கில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் தட்டு முழுவதையும் என் பக்கம் தள்ளிவிட்டு டீயைக் குடிக்க ஆரம்பித்தாள். நம் கடைகளில் மூன்று மோதிரத்துக்கு மேல் வெளியே எடுத்தால் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்களே!

அங்கேதான் அந்த மூன்றாவது. அடுத்த கடையில் "1930கள்" என்று சீட்டுக் கட்டிய ஒன்று, கோணக்கோணமான வேலைப்பாடு. ஒரு பக்கம் திருப்பினால் நீலம், இன்னொரு பக்கம் கத்தரிப்பூ. டான்சனைட்! 1967-ல்தான் டான்சானியாவில் கிடைத்த கல் 1930-ல் எப்படி மோதிரம் ஏறும்? மெதுவாகக் கேட்டேன். "கல்லைப் பிறகு மாற்றியிருப்பார்கள்" என்றார் கடைக்காரர், முகம் மாறாமல். இருக்கலாம். சீட்டில் அதையும் எழுதலாமே. மகளுக்கு என்னைத் தெருவில் இழுத்துக்கொண்டு போக வெட்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் விக்டோரியா ராணியின் நீலக்கல் கிரீடம் பார்த்தேன். ஆல்பர்ட்டே வரைந்து கொடுத்துச் செய்வித்தது. இவ்வளவு சின்னதா என்று ஆகிவிட்டது, கொண்டையைச் சுற்றிக்கொள்ளலாம். நீலத்தைத் தங்கத்திலும் வைரத்தை வெள்ளியிலும் பதித்திருக்கிறார்கள். பிளாட்டினம் வருவதற்கு முந்தைய வழக்கம் அது. வெள்ளி முகம், தங்க முதுகு என்றால் மோதிரத்துக்கும் அநேகமாக அந்தக் காலம்தான்.

இன்று மறுபடி பெரியவர் கடை. இரண்டு மோதிரம் எடுத்து வைத்திருந்தார்.

ஒன்று உன் ஐந்தாவது. நீ சொன்ன அடையாளம் அச்சாக இருக்கிறது. நீள்வட்ட நீலம், சுற்றிலும் பொடி வைரம், உள்ளே 18 காரட், பிளாட்டினம் என்று குத்தல், 1920களின் வேலை. ஜன்னலோரம் போனால் கண் விழிக்கிறது என்றேனே, அது. லென்ஸை வைத்து ஐந்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் ஓரத்தில், மெல்லிசாக, கிராமபோன் தட்டு. வைரம் மண்ணுடையது, நீலம் சுடருடையது. பெரியவர் மறைக்கவில்லை, நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். விலை 550 பவுண்டு.

இன்னொன்றை நீ பார்த்ததில்லை, படம் எடுத்துப் பயனில்லை. நங்கூரம், 15. கல் முந்தியதில் பாதிகூட இல்லை, வெளிர் நீலம். சாய்த்தால் அதே தண்ணீர், அதே சொட்டு. வளையம் உள்ளங்கைப் பக்கம் நூலாகத் தேய்ந்திருக்கிறது. யாரோ பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றாமல் போட்டிருக்கிறாள். ஒரு கொக்கி தளர்ந்திருக்கிறது, சரிசெய்ய வேண்டும். விலை 1,600.

உன் அம்மா மோதிரத்தைப் பற்றிச் சொல்லி, "தாத்தா வாங்கியது எது மாதிரி இருந்திருக்கும்?" என்று கேட்டேன். "கல்லைக் காணாம நான் எப்படிச் சொல்ல? ரெண்டும்தான் அந்த நாளில இருந்தது" என்றார்.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உன் அம்மா கழற்றிக் கொடுத்தபோது சேட்டு கல்லுக்குக் கழித்துவிட்டுத்தான் பணம் எண்ணியிருப்பார். அது இரத்தினபுரிக் குழியில் கிடைத்ததோ பிரெஞ்சுக்காரன் சுடரில் வளர்ந்ததோ, அன்றைக்கு இரண்டுக்கும் ஒரே விலை. அதற்கப்புறம் பல வருஷம் நானும் அதே கணக்கைத்தான் எழுதினேன்.

எதை எடுக்கட்டும்? ஐந்தாவது கண்ணுக்கு உன் அம்மாவுடையது. சின்னது ஒருவேளை தாத்தா போன ஊரின் மண். உன் ஜோசியர் நீலம் என்றால் தலையணைக்கடியில் மூன்று ராத்திரி வைத்துப் பார்க்கச் சொல்வார், தெரியும். சுடரில் வளர்ந்த கல்லுக்கும் சனி பார்வை உண்டா என்று அவரிடமே கேட்டுச் சொல்லு. பெரியவர் இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு என் பேர் எழுதி வைத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை வரை தவணை. கிழமையை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகச் சொன்னது.

எது என்றாலும் இரண்டு எழுத்து பெரிதாக்க வேண்டும், முத்திரையில் கை வைக்காமல் பின்பக்கம் வெட்டித் தருகிறேன் என்கிறார். அதற்கு முன்னால் ஒன்று: நீ கொடுத்த நூல் மோதிர விரலுக்கா, நடுவிரலுக்கா? சொல்லவே இல்லையே.