சதுரங்கப்பட்டினம்: கோட்டையும் நீராவியும்

புதுப்பட்டினம் கடைத்தெருவிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை. மஸ்லின் துணி ஏற்றுமதிக்காக 17ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் விட்டுப்போனது. வாசலில் பீரங்கி, உள்ளே செங்கல் கிடங்குகள், தனிச் சுவருக்குள் கல்லறைகள். படுக்கைவாட்டில் கிடக்கும் அந்தக் கற்களில் டச்சு எழுத்தும் குலச்சின்னமும் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. விரலை வைத்தே தடவிப் படிக்கலாம். கோட்டையில் என்னை அதிக நேரம் நிறுத்திவைப்பவை அவைதான்.

எதிரே உள்ள கடலில் சண்டை போட்டவர்கள் டச்சுக்காரர்கள் அல்ல. 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரனும் ஆங்கிலேயர் எட்வர்டு ஹியூஸும் இங்கே மோதினார்கள். சூஃப்ரனின் கப்பல்களில் சில சரியாக நெருங்கவே இல்லை. மாலையில் காற்று திசை மாற, ஹியூஸின் முன்வரிசைக் கப்பல்கள் திரும்பி உதவிக்கு வந்துவிட்டன. வெற்றி யாருக்கும் இல்லை. ஆனாலும் ஹைதர் அலிக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் கரையிறங்கிவிட்டதால், லாபம் சூஃப்ரனுக்கே என்பேன்.

காற்றை நம்பிய அதே பிரெஞ்சுக் கடற்படை, பின்னாளில் நீருக்குள் ஒளியப் பார்த்தது. பொறியாளர் லோபெஃப் வடிவமைத்து 1899இல் மிதந்த 'நார்வால்' நீர்மூழ்கி மேலே நீராவியிலும் அடியில் மின்கலத்திலும் ஓடியது. முங்குவதற்கு முன் அடுப்பை அணைத்து, புகைபோக்கியை மூடி, கொதிகலனை அடக்க வேண்டும்; முதலில் அதற்கே இருபது நிமிடம் ஆனது. எதிரி அத்தனை நேரம் காத்திருப்பானா? ஆனாலும் பிரெஞ்சுக்காரர்கள் நீராவியை விடவில்லை. அவ்வகையில் வந்த 'ப்ளூவியோஸ்' 1910 மே 26 அன்று கலே துறைமுகத்துக்கு வெளியே பயணிகள் கப்பல் மோதி மூழ்கியது. உள்ளே இருந்த 27 பேரும் இறந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்களை இழுத்தடித்தது நீராவி அல்ல, காற்றில்லாமல் எரியாத நெருப்பு. அந்தச் சிக்கல் தீர்ந்த இடங்களில் ஒன்று இந்தக் கோட்டையின் பக்கத்து ஊரான கல்பாக்கம். இந்தியாவின் 'அரிஹந்த்' நீர்மூழ்கிக்கான மாதிரி அணு உலையைத் தரையிலேயே கட்டி, 2006 முதல் முழுமையாக இயக்கிப் பார்த்தார்கள். வெளியுலகுக்குச் சொன்னது 2009இல். அணுவின் வெப்பத்துக்குக் காற்று வேண்டாம். ஆனால் சுழலியைச் சுழற்றுவது இன்றும் நீராவிதான்.

உலையைப் பார்க்க நமக்கு அனுமதி இல்லை. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, தாராளமாகப் பார்க்கலாம். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரிக்குக் காரில் பறப்பவர்கள் புதுப்பட்டினத்தில் திரும்பி ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உச்சி வெயிலில் மட்டும் போகாதீர்கள்.