ஐம்பது காசு அட்டையின் நட்டம் எங்கே தொடங்கியது?

தபால் அட்டை ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சராசரியாக 12 ரூபாய் 15 காசு செலவாகிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் அஞ்சல் துறையின் கணக்கு சொன்னது. அட்டையின் விலை 50 காசு. 2018-19இல் துறையின் பற்றாக்குறை சுமார் 15,000 கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் எழுதின. இழுத்து மூடிவிடலாமே என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. அந்தப் பேச்சு என்னை உறுத்தியது. இந்த நட்டத்தின் ஊற்றுக்கண் எது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் வரவு செலவைப் பார்த்தேன். அந்த ஆண்டின் வருவாய் ஏறக்குறைய 18,000 கோடி. சம்பளமும் ஓய்வூதியமும் மட்டுமே 26,000 கோடியைத் தாண்டின. அஞ்சல் என்பது ஆட்களால் நடக்கும் வேலை. தபால்காரர் பையில் பத்துக் கடிதம் இருந்தாலும் நூறு இருந்தாலும் அவர் சுற்றும் தெருக்கள் அவைதான். கைபேசி வந்து கடிதம் குறையக் குறைய, மிஞ்சிய ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் விழும் செலவு ஏறுகிறது. அட்டையை நிறுத்தினாலும் அந்தச் செலவில் பெரும்பகுதி அப்படியே நிற்கும்.

அடுத்து, கிளை அஞ்சலகம் திறப்பதற்கான விதிகளைப் படித்தேன். என் தேடலைத் திருப்பிவிட்டவை அவைதான். சாதாரணக் கிராமத்தில், எதிர்பார்க்கும் வருவாய் செலவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி என்றால் 15 சதவீதமே போதும். நாட்டில் உள்ள சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமங்களில் இருக்கின்றன. கைப்பணம் போகும் என்று தெரிந்தே அரசு இந்தக் கதவுகளைத் திறந்திருக்கிறது.

விலையை உயர்த்தியிருக்கலாமே? 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் அட்டவணை கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்தது. அதைத் தாண்ட நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஏழையின் கடிதத்துக்கு விலை ஏற்ற எந்த அரசும் எளிதில் துணியவில்லை.

இன்னும் பின்னே போனால் அஞ்சலை ஆராய 1850இல் அமைக்கப்பட்ட மூவர் ஆணையம் வருகிறது. அன்று தூரத்துக்கேற்பக் கட்டணம். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக் கடிதம் அனுப்ப ஒரு ரூபாய். தூரம் பாராமல் நாடு முழுதும் ஒரே கட்டணம் என்றது ஆணையம். 1854இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசி காலத்தில் அது சட்டமானது. கால் தோலாக் கடிதம் எங்கே போனாலும் அரை அணா. 1879இல் கால் அணா அட்டையும் வந்தது.

இந்த எண்ணத்தின் வேர் இங்கிலாந்தில் இருந்தது. அஞ்சல் சீர்திருத்தவாதி ரோலண்ட் ஹில் 1837இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் கடிதத்தைச் சுமந்து செல்ல ஆகும் செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் வாங்கி, பிரித்து, கணக்கெழுதி, வீடு சேர்க்கும் வேலைக்கு ஆவது. அதனால் தூரத்துக்கேற்பக் கட்டணம் வாங்க நியாயமில்லை. இந்தியாவில் இந்தக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போனது. அஞ்சல் துறை மக்கள் நலனுக்கானது, கருவூலத்தை நிரப்புவதற்கானது அல்ல என்ற நெறியை ஜெஃப்ரி கிளார்க் இந்திய அஞ்சலின் வரலாறு பற்றிய தம் 1921ஆம் ஆண்டு நூலில் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறார்.

ஆக, பற்றாக்குறையின் ஒரு பெரும் பகுதி நாடு தெரிந்தே கொடுத்த வாக்கின் விலை. இதைச் சொல்வதால் துறையின் குறைகள் மறைந்துவிடாது. தாமதமும் தேக்கமும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் வாக்கின் விலையையும் குறைகளின் விலையையும் ஒரே எண்ணில் கலந்தால் திருத்த வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்றே தெரியாமல் போகும். 1898 சட்டத்தின் இடத்தில் 2024 ஜூன் முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. கட்டணம் வகுக்கும் அதிகாரம் அஞ்சல் துறையின் தலைமை இயக்குநரிடம் சென்றிருக்கிறது. இந்த நேரத்தில் அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிராம அஞ்சல் சேவைக்கு ஆகும் செலவைப் பட்ஜெட்டில் தனித் தலைப்பில் ஒதுக்கட்டும். அந்தப் பணத்துக்குக் கடிதம் உரிய நாளில் சேர்கிறதா என்று துறையிடம் கறாராகக் கேட்கட்டும்.