கட்டை விரலைத் தூக்கினால் 'சூப்பர்' இல்லை!

"அம்மா, கடலுக்குள்ள போயிட்டா உன்னால பேச முடியாது. எனக்கு அரை மணி நேரம் நிம்மதி!"

அந்தமானில் ஹேவ்லாக் என்று இருந்து, இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறியிருக்கும் தீவின் கடற்கரையில் நின்றுகொண்டு என் மகள் கிண்டலடித்தாள். எனக்கு 54 வயது. நீச்சல் தெரியாது. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரி நான். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் இரண்டு வருடம் முன்பு புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை கீழே வந்து பாரும்மா" என்று நச்சரித்து, டிக்கெட்டும் போட்டுவிட்டாள்.

முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். "எதையும் மறைக்காம எழுதுங்கக்கா" என்றார் பயிற்சியாளர் தம்பி. போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். மறைக்க ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

பிறகு பாடம் ஆரம்பமானது. "வாயில மவுத்பீஸ் இருக்கும், பேச முடியாது. சத்தம் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. தண்ணிக்குள்ள சத்தம் காத்துல போறதைவிட நாலு மடங்குக்கு மேல வேகமா போகும். அதனால எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னே காதுக்குப் பிடிபடாது. கைதான் நமக்கு வாய்" என்றார்.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம், மற்ற மூன்று விரல்களும் நிமிர்ந்திருந்தால் 'ஓகே'. இதில் ஒரு விசேஷம், இதுவே கேள்வி, இதுவே பதில். அவர் வட்டம் காட்டினால் 'நல்லா இருக்கீங்களா?' என்று அர்த்தம். நாம் திருப்பிக் காட்டினால் 'நல்லா இருக்கேன்'. பதில் சொல்லாமல் விடக் கூடாது. பதில் வரவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

கட்டை விரல் மேலே என்றால் 'மேலே போகலாம்'. கீழே என்றால் 'இறங்கலாம்'. உள்ளங்கையை முன்னால் நீட்டினால் 'நில்'. இரண்டு விரலால் கண்ணைக் காட்டினால் 'பார்'. முஷ்டியை நெஞ்சில் வைத்தால் 'சிலிண்டரில் காற்று குறைந்துவிட்டது'. கையைக் கழுத்துக்குக் குறுக்கே அறுப்பதுபோல் இழுத்தால் 'காற்றே இல்லை'. அதைப் பார்த்த அடுத்த நொடி, பக்கத்தில் இருப்பவர் தன்னிடமுள்ள உபரி மவுத்பீஸை நம்மிடம் கொடுத்துவிடுவார்.

கடைசியாக ஒன்று. விரல்களை விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, கையை இப்படியும் அப்படியுமாக ஆட்ட வேண்டும். 'ஏதோ சரியில்லை'. ஆட்டிவிட்டு எங்கே சரியில்லையோ அந்த இடத்தைச் சுட்டிக் காட்ட வேண்டும். நம் ஊரில் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் 'சுமார்' என்று கையை ஆட்டுவோமே, அதேதான்!

மார்பளவு தண்ணீரில் பயிற்சி. முகத்தை உள்ளே அமிழ்த்தி வாயால் மூச்சு விட்டேன். முதல் இரண்டு நிமிடம் திணறல், அப்புறம் வந்துவிட்டது. சந்தோஷத்தில் பழக்கதோஷமாகக் கட்டை விரலைத் தூக்கி 'சூப்பர்' காட்டினேன். அவ்வளவுதான், தம்பி என்னை அலாக்காகத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டார். "என்னாச்சுக்கா?" "ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்குன்னு சொன்னேன்." "அது வாட்ஸ்அப்ல அக்கா. இங்க அதைக் காட்டினா மேல கூட்டிட்டு வந்துருவோம்!" மகள் சிரித்த சிரிப்பில் அவளுடைய மாஸ்க்குக்குள் தண்ணீர் போய்விட்டது.

இறங்கினோம். தம்பி பின்னாலிருந்து என் சிலிண்டரைப் பிடித்திருந்தார். மகள் எனக்கு நேர் எதிரே, என் முகத்தைப் பார்த்தபடி வந்தாள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிடும். அதனால் இறங்க இறங்க மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, காதடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஊதினேன். இடது காது திறந்தது. வலது காது திறக்கவில்லை.

வலி ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு காதுக்குள் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுத் திருகுவதுபோல. மகள் வட்டம் காட்டினாள். நல்லா இருக்கியா?

நான் வட்டம் காட்டினேன்.

யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. அவள் என் கண்ணையே பார்த்தாள். மறுபடி வட்டம் காட்டினாள். நானும் மறுபடி காட்டினேன். பிள்ளை ஆசைப்பட்டுக் கூட்டிவந்திருக்கிறாள், செலவு பண்ணியிருக்கிறாள், காது வலியைச் சொல்லிக் கெடுப்பானேன் என்ற நினைப்பு. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் கண்ணில் தண்ணீர் முட்டியது. மூன்றாவது முறை அவள் வட்டம் காட்டியபோதுதான் கையை விரித்து ஆட்டினேன். காதைச் சுட்டினேன்.

உடனே 'நில்'. தம்பி என்னை ஒரு மீட்டர்போல மேலே தூக்கி, மறுபடி ஊதச் சொல்லிச் சைகை காட்டினார். இரண்டாம் முறை 'பொட்'டென்று காது திறந்தது. வலி போன இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் தனிக் கதை. கடல் சாமந்தியின் விரல்களுக்குள் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்க்கும் ஆரஞ்சுக் கோமாளி மீன், பவளப்பாறையைக் கொறிக்கும் கிளி மீன். ஆழத்தில் சிவப்பு நிறம்தான் முதலில் மங்குமாம். என் சிவப்பு நகப்பூச்சு அங்கே பழுப்பாகத் தெரிந்தது.

கரைக்கு வந்ததும் மகள் முகத்தில் சிரிப்பில்லை. "ரெண்டு தடவை கேட்டேன்லம்மா? ஏன் ஓகேன்னு காட்டின?"

தம்பிதான் சமாதானமாகப் பேசினார். "வலியோட இறங்கினா செவிப்பறை கிழிஞ்சிரும்க்கா. நீங்க ஓகேன்னா நாங்க நம்பி இன்னும் கீழ கூட்டிட்டுப் போவோம். 'சரியில்ல'ன்னு கை ஆட்டுறவங்களால எங்களுக்குப் பயமில்ல. சும்மா ஓகே காட்டுறவங்கதான் பயம்."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் அம்மா ஞாபகம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வேன். "எப்படிம்மா இருக்கே?" "எனக்கென்னடி, நல்லா இருக்கேன்." மார்பில் கட்டி வந்து எட்டு மாதம் அதையேதான் சொன்னாள். பேத்திக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, சொன்னால் நான் பதறுவேன் என்று. தெரியவந்தபோது டாக்டர்கள் செய்வதற்கு அதிகமில்லை. "ஏம்மா சொல்லல?" என்று எத்தனை கோபப்பட்டிருக்கிறேன் அவளிடம்! அதே கையைத்தானே நானும் இன்று தூக்கிக் காட்டினேன்.

கணவர் போய் மூன்று வருடம் ஆகிறது. மகள் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாள். "சாப்பிட்டியாம்மா? நல்லா இருக்கியா?" "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்." ஒரு ஆளுக்காக அடுப்பு பற்றவைக்க மனம் வராமல் டீயும் பிஸ்கட்டுமாகப் படுத்த ராத்திரிகள் அவளுக்குத் தெரியாது. காலிங்பெல் அடித்தால் திடுக்கிடுவதும், விடிய விடிய ஹால் விளக்கு எரிவதும் தெரியாது.

எழுந்து வெளியே வந்தேன். மகளும் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கோபம் போகவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையை விரித்து ஆட்டினேன். அப்புறம் நெஞ்சைச் சுட்டினேன்.

"நெஞ்சு வலியா?" என்று பதறிவிட்டாள் பாவம். "இல்லடி, அந்த வலி இல்ல" என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தது அவள்தான்.

அதன்பின் பெரிய மாற்றம் ஒன்றும் நடந்துவிடவில்லை. அவள் பெங்களூருவில், நான் மதுரையில். மாடி போர்ஷனில் ஒரு நர்ஸ் பெண் குடிவந்திருக்கிறாள், ராத்திரிச் சாப்பாடு இருவருக்குமாகச் சேர்த்துச் சமைக்கிறேன். ஒன்பது மணிக்கு வீடியோ கால் வரும். மகள் எதுவும் கேட்பதற்கு முன்பு விரலால் வட்டம் காட்டுவாள். பெரும்பாலும் நானும் வட்டம்தான். சில நாள் கையை ஆட்டுவேன். மூட்டைச் சுட்டுவேன், சில நாள் நெஞ்சை. அப்புறம் பேசுவோம்.

போன வாரம் நான் முந்திக்கொண்டு வட்டம் காட்டினேன். அவள் வட்டம் காட்டத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தினாள். பிறகு விரல்களை விரித்து மெதுவாக ஆட்டினாள்.

"எங்கேடி?" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.