பூட்டியிருந்த அறை



சில நாட்களுக்கு முன் வெளியூர்ச் சகோதரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் கூட்டம் உண்டாமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். நான் அதைக் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையின் சகோதரர் ஒருவர் உபவாச ஜெபத்தில் கண்ணீரோடு குடியை விட்டார். (அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) எனக்கோ அளவற்ற மகிழ்ச்சி. மூன்றாம் ஞாயிறே அவரைச் சபை முன் நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தேன். நான்காம் மாதம் அவர் மீண்டும் குடித்தார். எல்லாருக்கும் முன் சாட்சி சொன்னவர் அதன்பின் எந்த முகத்தோடு ஆலயத்துக்குள் வருவார்? விசுவாசக் குறைவு என்று நான் எளிதாக முடிவுகட்டினேன். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தேன், பிரசங்கக் கலை படித்தேன். விழுந்தவரோடு எப்படி நடப்பது என்பதை மட்டும் படிக்கவில்லை.

ஓர் இரவு அவருடைய மனைவி அழைத்தார். தாமாகவே குடியை நிறுத்தி இரண்டு நாளாகிறது, கை நடுங்குகிறது, உறக்கமில்லை என்றார். ஜெபியுங்கள் என்றேன். நல்லவேளையாக எங்கள் சபையில் ஒரு செவிலியர் இருந்தார். நெடுங்காலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம், உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள் என்று என்னைக் கடிந்துகொண்டார். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது மருத்துவர் சொன்னது ஒன்றே: "இனி ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்." ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது.

எப்படியோ ஒரு முகவரி கிடைத்தது. சனிக்கிழமை மாலை இருவரும் போனோம். அறை பூட்டியிருந்தது. கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் காவலாளி. சகோதரர் என்னைப் பார்த்து, "தேவசித்தம் இல்லைபோலும், ஐயா" என்றார். அந்த வாக்கியத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்னைப் போன்றவர்களே. வந்த வழியில் இரண்டு டாஸ்மாக் கடைகளைக் கடந்திருந்தோம். தனியாக வந்திருந்தால் அன்று அவர் எங்கே போயிருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, புறப்படுமுன் தொலைபேசியில் கேளுங்கள். நாள், நேரம், தமிழில் நடக்கிறதா என்பதையெல்லாம் கேளுங்கள். முதல் முறை அவரைத் தனியே அனுப்பாதீர்கள்.

அடுத்த வாரம் ஒரு பள்ளி வகுப்பறையில் கண்டுபிடித்தோம். பிள்ளைகள் அமரும் பெஞ்சுகளில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நானும் உள்ளே நுழைந்தேன். அவர்களில் ஒருவர் மிகுந்த பணிவோடு, "ஐயா, இன்று மூடிய கூட்டம். குடிப்பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமே இருக்கலாம்" என்றார். முப்பது ஆண்டுகளாக எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் அமர்ந்தவன், அன்று வராந்தாப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து சிரிப்பொலி கேட்டது. அழத்தான் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

குடும்பத்தாரும் பிறரும் கலந்துகொள்ளும் திறந்த கூட்டங்களும் உண்டு. குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பும் உண்டு. கட்டணமில்லை. முழுப்பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி.

அது கிறிஸ்தவக் கூட்டம் அல்லவே, விசுவாசி போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன். ஐந்து மாதங்களாகக் குடிக்காதிருந்த பில் வில்சன், தொழில் முயற்சி தோற்று, ஒரு விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசியும் ஆலயங்களின் பட்டியலும். அவர் வால்டர் டங்க்ஸ் என்ற போதகரை அழைத்து, தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்றார். போதகர் சில பெயர்களைக் கொடுத்தார். அவற்றின் வழியே ஹென்றியேட்டா சைபர்லிங் என்ற அம்மையாரும், அவர் மூலம் டாக்டர் பாப் ஸ்மித்தும் கிடைத்தார்கள். பதினைந்து நிமிடம் மட்டும் என்று வந்த டாக்டர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகிய ஜூன் 10, அந்த இயக்கத்தின் தொடக்க நாளாகக் கருதப்படுகிறது.

அந்தத் தொலைபேசி என் வீட்டில் ஒலித்திருந்தால், நான் அவருக்குப் பிரசங்கம் செய்திருப்பேன்.

திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வரை மாற்கு சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். வாசலில் இடமில்லை என்று கண்டும் அவர்கள் அதைத் தேவசித்தம் என்று திரும்பிப் போகவில்லை, கூரையைப் பிரித்தார்கள்.

எங்கள் சகோதரர் பதினொன்றாம் மாதம் இன்னொரு முறை விழுந்தார். மறுநாள் மாலையே அந்தப் பெஞ்சுக்குத் திரும்பிப் போனார். பின்னொரு நாள், திருவிருந்துப் பாத்திரத்தின் வாசனை தமக்குப் பயமாக இருக்கிறது என்று தயங்கிச் சொன்னார். அந்த மாதமே திராட்சரசத்தைப் புளிக்காத சாறாக மாற்றினோம். மூப்பர்கள் சிலர் முகம் சுளித்தது தனிக் கதை. நான் அவரிடம் பிறகு சாட்சி கேட்கவேயில்லை.

அந்த வெளியூர்ச் சகோதரியின் கணவர் கூட்டத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. ஒரு தொலைபேசி எண் மட்டும் கொடுத்திருக்கிறேன், எங்கள் சகோதரருடையது. எந்த நேரத்திலும் அழைக்கட்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இதை எழுதும் வரை அழைப்பு வரவில்லை.