வெங்காயத் தோலும் மஞ்சளும்

சென்ற ஆண்டு பெரிய சனிக்கிழமை பிற்பகல். கோவிலுக்குள் பீடம் வெறுமையாய் இருந்தது. நற்கருணைப் பேழையின் கதவு திறந்து கிடந்தது. ஆனால், கள்ளிக்குப்பத்தில் எங்கள் பங்கு இல்லத்தின் பின்கட்டில் மூன்று அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு குண்டானில் வெங்காயத் தோல், ஒன்றில் மஞ்சள், மற்றொன்றில் பீட்ரூட். சுற்றிலும் மறைக்கல்விச் சிறுவர் சிறுமியர். திண்ணையில் ஐந்து அட்டை வெள்ளை முட்டைகள். அன்றிரவுத் திருவிழிப்புக்குப் பின் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பதற்காக அவற்றுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நான் எளிதில் இசைந்தவன் அல்லன். பூவிருந்தவல்லியில் குருத்துவ மாணவனாக இறையியல் பயின்ற நாள் முதலே, நம் மண்ணுக்குரிய வழிபாடு, நம் மண்ணுக்குரிய அடையாளம் என்று பேசி வந்தவன். பனி உருகி வசந்தம் வரும் நாட்டாருக்கு முட்டை பொருந்தும். பங்குனி வெயிலில் காயும் அம்பத்தூருக்கு அது எதற்கு என்பது என் கட்சி. பெரம்பூர் இரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஆங்கிலோ இந்திய மூதாட்டி ஒருவர்தாம் என் வாயை அடைத்தார். அவருடைய தாயார் கடையில் சாயம் வாங்கியதே இல்லையாம். தவக்காலம் முழுவதும் சமையலில் உரித்த வெங்காயத் தோலை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பாராம். “நாற்பது நாள் குப்பைதான் ஃபாதர், ஈஸ்டர் அன்றைக்குச் சிவப்பாக வரும்” என்றார். இதைவிட நல்ல தவக்கால மறையுரையை நான் ஆற்றியதாக நினைவில்லை.

முட்டை வழக்கத்தின் வரலாறும் சமையற்கட்டிலேதான் தொடங்குகிறது. முற்காலத்தில் மேற்குத் திருச்சபையின் தவக்கால நோன்பில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. மனிதர் நோன்பு இருந்தாலும் கோழிகள் இருப்பதில்லை அல்லவா? முட்டைகள் குவிந்தன. உயிர்ப்பு நாளில் அவை விருந்தாயின, அன்பளிப்பாயின. இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு மன்னர் 1290ஆம் ஆண்டில் 450 முட்டைகளுக்கு வண்ணமும் தங்க ரேக்கும் இட 18 பென்சு செலவிட்டதாக அரண்மனைக் கணக்கு சொல்கிறது. கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இன்றும் பெரிய வியாழனன்று முட்டைகளுக்குச் சிவப்பு ஏற்றுகிறார்கள். அது ஆண்டவரின் இரத்தத்தைக் குறிக்கிறது.

சாயம் ஏற்றும் முறை எளிது. இரண்டு கை நிறைய வெங்காயத் தோலை ஒரு லிட்டர் நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். ஆறிய சாற்றில் குவளைக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, வேகவைத்த முட்டைகளை அதில் ஊறவிட வேண்டும். முதலில் ஆரஞ்சு நிறம் படரும். நேரம் ஆக ஆகச் செங்கல் நிறம் கூடும். மஞ்சள்தூள் பளிச்சென்ற பொன் நிறம் தரும். பீட்ரூட் தரும் இளஞ்சிவப்பு அவ்வளவு நிலையானது அன்று. ஊதா முட்டைக்கோஸின் சாற்றில் ஓர் இரவு கிடந்த முட்டை, யாரும் எதிர்பாராத நீலத்தில் எழுந்து வரும். எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டால் ஓட்டின்மீது சிலுவை வரைந்துவிட்டு, ஆறிய சாயத்தில் இட்டால் அந்தச் சிலுவை மட்டும் வெள்ளையாகவே நிற்கும். கொத்தமல்லி இலையை ஓட்டில் ஒட்டிப் பழைய துணியால் இறுகக் கட்டி ஊறவிட்டால் இலையின் வடிவம் பதிந்துவிடும். ஈரம் உலர்ந்தபின் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் மெருகு கூடும். உண்பதற்கான முட்டையை மட்டும் நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கலாகாது.

வினிகர் எதற்கு என்று ஒரு சிறுவன் கேட்டான். முட்டை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் அதன் மேற்பரப்பு நுண்ணியதாய் அரிக்கப்பட்டுச் சாயம் பற்றிக்கொள்கிறது. இதைச் சொன்னபோதே, சிலுவையில் ஆண்டவரின் வாயருகே நீட்டப்பட்ட புளித்த திராட்சை இரசத்தை இதனோடு இணைத்து அன்றிரவுக்கு ஒரு மறையுரை என் மனத்தில் உருவாகிவிட்டது. துன்பம் நம்மை அரிக்கிறது; அதனால்தான் அருள் நம்மீது படிகிறது. அழகான கருத்து! ஆனால், அரை மணி நேரத்தில் அதைக் கைவிட நேர்ந்தது.

அன்று அடுப்பில் வெந்த வெங்காயத் தோல் முழுவதும் ஒரு பெண்மணி கொண்டு வந்தது. அதற்கு முந்தைய ஐப்பசியில் கணவரை இழந்தவர். தொழிற்பேட்டையின் சிறு பட்டறை ஒன்றில் கடைசல் வேலை பார்த்த அவருடைய கணவரை நான்தான் அடக்கம் செய்தேன். அதன்பிறகு அவர் உணவு விடுதி ஒன்றுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்து, கிடைக்கும் கூலியில் தம் மகளைப் படிக்க வைத்து வந்தார். இரண்டு கோணிப்பை நிறையத் தோலை அவரும் மகளும் சுமந்து வந்திருந்தார்கள்.

மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் கிண்ணத்தில் இருந்த மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பைக் கலந்தார். நீர் நொடியில் இரத்தச் சிவப்பானது. “ஆரத்தி! ஆரத்தி!” என்று பிள்ளைகள் கூவினார்கள். எல்லாரும் சிரித்தோம். அந்தப் பெண்மணியும் சிரித்தபடி, மஞ்சள் குண்டானில் முட்டைகளைப் புரட்டக் கையை நீட்டினார். அருகில் இருந்த மூத்த தாய் ஒருவர், கடிந்துகொள்ளும் குரலில் அல்ல, பரிவான குரலிலேயே சொன்னார்: “நீ வெங்காயத் தோல் பக்கமே இரும்மா. மஞ்சளை நாங்க பாத்துக்கறோம்.”

நீட்டிய கை முந்தானைக்குள் போய் மறைந்தது.

நான் இரண்டடி தொலைவில் நின்றிருந்தேன், கேட்டேன், பேசாதிருந்தேன். எத்தனையோ ஆண்டுகளாக அப்படித்தான் இருந்து வந்திருக்கிறேன் என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது. கணவன் இறந்த வீடுகளில் செபித்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். உள்ளே பூவும் பொட்டும் வளையலும் எடுக்கப்படும். அவை குடும்ப வழக்கங்கள், குரு தலையிடுவதற்கில்லை என்று ஒதுங்கிக்கொள்வேன். மேலைநாட்டு முட்டை நம் மண்ணுக்குப் பொருந்துமா என்று வாதாடத் தெரிந்த எனக்கு, நம் மண்ணின் இந்த வழக்கம் நற்செய்திக்குப் பொருந்துமா என்று ஒருமுறையேனும் மறையுரைத் தொட்டியில் நின்று கேட்கத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் அவருடைய மகள் மஞ்சள் குண்டானை எட்டிப் பார்த்தாள். மெழுகால் தான் பெயர் எழுதிய முட்டை அடியில் கிடந்தது. அவள் கை எட்டவில்லை. சாயம் ஆறியிருந்தது. “அம்மா, எடுத்துக் குடும்மா” என்றாள். தாய் அசையவில்லை. மூத்தவரைப் பார்த்தார், பின்பு என்னைப் பார்த்தார்.

“எடுங்கம்மா” என்றேன். மிகவும் காலந்தாழ்ந்து வந்த சொல் அது.

மணிக்கட்டு வரை வலக்கையை விட்டு அந்த முட்டையை எடுத்தார். பின்கட்டில் யாரும் பேசவில்லை. அந்த மூத்த தாய் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓர் அட்டை முட்டையை அவர் பக்கம் நகர்த்தி, “அப்ப இதையும் நீயே போட்டுடு” என்றார்.

புனித அகுஸ்தீனார் மறையுரை ஒன்றில், லூக்கா நற்செய்தியில் பிள்ளை தந்தையிடம் கேட்கும் மூன்று பொருள்களை விளக்குகிறார். அப்பம் அன்பு, மீன் நம்பிக்கை, முட்டையோ எதிர்நோக்கு. முட்டை இருக்கிறது, ஆனால் குஞ்சு இன்னும் வரவில்லை. எதிர்நோக்கின் நிலையும் அதுவே. முட்டைக்கு எதிராக ஆண்டவர் தேளைக் குறிப்பிட்டதற்கும் அவர் காரணம் காண்கிறார். தேளின் கொடுக்கு பின்பக்கம் இருக்கிறது. எதிர்நோக்கைக் கெடுப்பதும் பின்னோக்கிப் பார்க்கும் பார்வையே. மாணவனாக இதைப் படித்தபோது ஓர் அழகிய உவமை என்று குறித்து வைத்தேன். அன்று பின்கட்டில் அதைக் கண்ணால் கண்டேன்.

இரவில் பாஸ்காத் திரி ஏற்றினோம். நான் முன்பு எண்ணியிருந்த மறையுரையை ஆற்றவில்லை. துன்பம் அரிப்பதால் அருள் படிகிறது என்று அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவும் இல்லை, உரிமையும் இல்லை. அதற்குப் பதிலாக, நறுமணப் பொருள்கள் வாங்கிக்கொண்டு கல்லறைக்குச் சென்ற பெண்களைப் பற்றிப் பேசினேன். வீட்டுப் பெண்கள் கையில் எடுத்துச் சென்ற பொருள்களோடுதான் உயிர்ப்பின் காலை தொடங்குகிறது. அவர்கள் சொன்னதைத் திருத்தூதர்கள் வெறும் பிதற்றல் என்று எண்ணினார்கள். உயிர்த்த ஆண்டவரோ அவர்களை ஒதுக்கி வைக்கவில்லை. போய்ச் சொல்லுங்கள் என்றே அனுப்பினார். அவ்வளவே என் மறையுரை.

நற்கருணை வேளையில் அவரும் வரிசையில் வந்தார். இடக்கையை ஏந்தி, வலக்கையை அதற்குக் கீழே தாங்கலாக வைத்திருந்தார். “கிறிஸ்துவின் உடல்” என்றேன். “ஆமென்” என்றார். பிறகு மஞ்சள் படிந்த விரல்கள் அந்த அப்பத்தை எடுத்தன. மஞ்சள் ஒரு நாளில் கழுவிப் போவதன்று.

அடுத்த வாரம் இரண்டு பெரியவர்கள் என்னிடம் வந்து, “பழைய வழக்கங்களில் எல்லாம் கை வைக்க வேண்டாம், சாமி” என்று சொல்லிப் போனார்கள். மனம் நோகாமல் கேட்டுக்கொண்டேன்; அவர்களிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. இந்தத் தவக்காலத்திலும் பங்கு இல்லத்தின் படியில் ஒரு கோணிப்பை வைத்தோம். வீடுதோறும் சேர்த்த வெங்காயத் தோல் வந்து நிறைந்தது. மஞ்சள் குண்டானை யார் பார்த்துக்கொள்வது என்று இம்முறை ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். முட்டை இருக்கிறது, குஞ்சு இன்னும் வரவில்லை.