ஒரு தொட்டி, மூன்று உப்பு

தென்தில்லியில் இரண்டாம் மாடி வீடொன்றின் கூடத்தில் 120 லிட்டர் கடல் இருக்கிறது. மேற்படிப்புக்காக வெளிநாடு சென்ற மகள் விட்டுச்சென்றது. இரண்டு கோமாளி மீன்கள், சில மென்பவளங்கள், சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட ஒரு துப்புரவு இறால். பொறுப்பேற்ற தந்தை ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர். தொட்டிக்கென்று ஒரு குறிப்பேடு திறந்து நான்கு பத்திகள் வரைந்தார்: நாள், நேரம், வெப்பம், உப்பு. நான்காவது பத்தி மட்டும் என்றைக்கும் ஒத்துவரவில்லை.

மே மாதத்தில் ஒரு நண்பகல். மகள் காலத்துப் பழைய முள் மிதவைமானி 33 என்றது. புதிதாக வாங்கிய ஒளிவிலகல்மானி 38 என்றது. ஆர்ஓ கருவி பழுதுபார்க்க வந்தவர் விட்டுப்போன டிடிஎஸ் பேனா குடிநீருக்கானது. கடல்நீரில் அதன் எண்களே தீர்ந்துபோயின. வாழ்நாளெல்லாம் பற்றையும் வரவையும் காசு பிசகாமல் நேர்செய்த மனிதர் அவர். விலை கூடிய கருவியை நம்பினார். தொட்டியிலிருந்து பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுத்துவிட்டு, அதே அளவு நன்னீரை ஒரே மாலையில் ஊற்றினார். ஒளிவிலகல்மானி 35 காட்டியது. குறிப்பேட்டிலும் 35 ஏறியது. மூன்றாம் நாள் காலை இறால் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. மீன்கள் எதுவும் நடவாததுபோல் நீந்திக்கொண்டிருந்தன. உப்பின் திடீர் மாற்றத்தை மீன் தாங்குமளவுக்கு இறால் தாங்குவதில்லை.

இத்தகைய இழப்புகளில் மலிவுக் கருவியைப் பழிப்பது வழக்கம். அது பாதிதான் உண்மை. இக்கருவிகளுள் எதுவும் உப்பைப் பார்ப்பதில்லை. மிதவைமானி நீரின் அடர்த்தியை உணர்கிறது. ஒளிவிலகல்மானி ஒளி வளைவதைப் பார்க்கிறது. மின்கடத்துமானி மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கிறது. ஓர் அடையாளத்தைக் கண்டு மொத்த உப்பையும் ஊகிப்பதுதான் மூன்றின் வேலையும். இந்த ஊகம் செல்லுபடியாவதற்குக் காரணம், சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் திரட்டிய நீர். அதில் 77 மாதிரிகளைப் பகுத்தாய்ந்த வில்லியம் டிட்மர், நீர் எங்கே எடுக்கப்பட்டாலும் அதிலுள்ள முக்கிய உப்புகளின் விகிதம் ஏறத்தாழ ஒன்றே என்று 1884இல் எழுதினார். ஒருவர் உச்சரிக்கும் ஒற்றை உயிரொலியைக் கேட்டு அவர் ஊரைச் சொல்வதைப்போன்றது இது. எந்த வட்டாரத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது தெரிந்திருந்தால்தான் ஊகம் பலிக்கும்.

அந்த வீட்டு ஒளிவிலகல்மானி வேறொரு வட்டாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. மலிவாகக் கிடைப்பவற்றுள் பல, சமையல் உப்புக் கரைசலுக்கென அளவுகோல் தீட்டப்பட்டவை. கடலிலோ சோடியம் குளோரைடோடு மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்திருக்கின்றன. அவை ஒளியை வளைக்கும் விதம் வேறு. எனவே ஆயிரத்தில் 35 பங்குள்ள கடல்நீர் அந்த அளவுகோலில் 36.5 என்று தெரியும். தூய நீரில் சுழியம் சரியாக நின்றதால் அவர் ஐயப்படவில்லை. சுழியம் சரியாயிருப்பது 35 சரியாயிருப்பதற்குச் சான்றாகாது.

எஞ்சிய ஒன்றரை, கைப்பழக்கத்தின் கணக்கு. முந்தைய நாள் துளியை உலர்ந்த துணியால் துடைத்திருந்தார். உப்பு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. மின்விசிறிக்கடியில், லூ வீசும் வறண்ட நண்பகலில், மூடியைத் திறந்துவைத்துக் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் துளியின் நீர் கொஞ்சம் காற்றோடு போய்விட்டது. கருவியின் தானியங்கி வெப்பத் திருத்தமும் 30 பாகை வரைதான். மே மாதத் தில்லி அதை மதிப்பதில்லை. மிதவைமானியின் கதை நேரெதிர். முள்ளில் உப்புப் பொருக்குப் படிந்தால் அது கனத்துத் தாழும். காற்றுக்குமிழி ஒட்டினால் எழும்பும். அங்கே பொருக்கு.

உண்மையைச் சொன்னது, அண்டைவீட்டு வேதியியல் ஆசிரியை கொண்டுவந்த மின்கடத்துமானி. கடல்நீருக்கு 25 பாகையில் 53 மில்லிசீமென்ஸ் வரவேண்டும். வந்தது 49 சொச்சம். அதாவது உப்பு 32தான். திருத்துவதற்கு முன்னர் தொட்டி சரியாகவே இருந்திருக்கிறது.

(இந்த 35 என்பதற்கு இன்றைய கடலியலில் அலகு கிடையாது. 1978இன் நடைமுறை உவர்மை அளவுகோல், ஒரு கிலோ கரைசலில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு கொண்ட நீரோடு 15 பாகையில் மின்கடத்துதிறனை ஒப்பிட்டுப் பெறும் வெறும் விகிதம் அது. மீன் வளர்ப்போர் ‘ஆயிரத்தில்’ என்று வாலைச் சேர்த்துச் சொல்வது பழக்கதோஷம். பிழையென்று சண்டைக்குப் போகவேண்டியதில்லை.)

ஒப்பீட்டுக் கரைசலை ஆசிரியையே சொல்லிக்கொடுத்தார். நகைத் தராசில் 36.5 கிராம் உப்பு. இன்வெர்ட்டர் மின்கலத்துக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீர் 963.5 கிராம். ஒளியைப் பொறுத்தவரை இது 35 பங்கு கடல்நீருக்கு ஈடு. கருவியில் எந்தக் கோட்டில் இது நிற்கிறதோ, அதுவே தொட்டிக்குரிய கோடு. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் எதுவானாலும் சரி. சமையலறைத் தராசு இதற்கு உதவாது: ஒரு கிராம் பிசகினால் முடிவும் ஏறக்குறைய ஒரு பங்கு பிசகும்.

குறைந்த உப்பை அவர் ஒரே நாளில் திருப்பவில்லை. ஆவியாகும் நீருக்கு ஈடாக நாளும் ஊற்றும் ஒன்றரை லிட்டரை, நன்னீருக்குப் பதில் உப்புநீராக ஒரு வாரம் ஊற்றினார். பவளங்கள் ஐந்தாம் நாள் விரிந்தன. இப்போது காலை ஆறு மணிக்கு, மின்விசிறி போடுமுன், துளியிட்டு உடனே மூடி, அரை நிமிடம் பொறுத்து, மும்முறை பார்த்து நடு எண்ணை எழுதுகிறார். பிறகு கண்ணாடியைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவித் துடைக்கிறார்.

பழைய பக்கங்களை அவர் கிழிக்கவில்லை. ஒவ்வோர் எண்ணின் அருகிலும் சிவப்பு மையில் ‘1.5 கழிக்க’ என்று எழுதினார். நண்பகல் அளவீடுகளுக்கு மட்டும் கேள்விக்குறி. ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது: ‘எதைக்கொண்டு’. இறாலைப் பற்றி மகளிடம் அன்றிரவே சொல்லிவிட்டார். இன்னொன்று வாங்கலாம் என்றாள் அவள். பத்தி ஒரு மாதம் ஒத்துவரட்டும் என்று சொல்லியிருக்கிறார்.